என் கேஸை எந்த ஜட்ஜ் கேப்பாங்க, அதை யாரு முடிவு பண்றாங்க? – கேளுங்க வக்கீலம்மா

போன இதழ்ல ஒரு தங்கச்சிக்கு பதில் எழுதும்போது போற போக்குல "உங்க கேஸ் எந்த ஜட்ஜ்கிட்ட போகும்னு நீங்களும் முடிவு பண்ண முடியாது, நானும் முடிவு பண்ண முடியாது"ன்னு ஒரு வரி போட்டுட்டேன். அவ்ளோதான், லெட்டரும் வாட்ஸப்பும் வந்து குவிஞ்சிடுச்சு. நம்ம சனங்களுக்கு ஜீவனாம்சம் எவ்ளோ கிடைக்கும்ங்கறதை விட இந்த சந்தேகம்தான் பெருசா இருக்கு போல. சரி, இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். பேரு யாருதும் போடலை, ஊரு மட்டும்தான்.

கேள்வி: மேடம், நான் சென்னை ஃபேமிலி கோர்ட்டுல டிவோர்ஸ் ஃபைல் பண்ணியிருக்கேன். என் ஃப்ரெண்ட் கேஸ் பிரின்சிபல் கோர்ட்டுல நடக்குது, என்னுது மட்டும் மூணாவது அடிஷனல் கோர்ட்டுக்கு போயிடுச்சு. அடிஷனல்னா பவர் கம்மியா? என் வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் ஏதோ ஒரு கோர்ட்டுல கிளார்க்கா இருக்காரு, அவரு சொல்லி மாத்தி விட்டிருப்பாங்கன்னு எங்கம்மா ஒரே புலம்பல்.
– அம்பத்தூர் வாசகி

பதில்: முதல்ல அம்மாவுக்கு ஒரு காபி போட்டு குடுத்து உக்கார வையுங்க தங்கச்சி. அடிஷனல்ங்கற வார்த்தையைப் பாத்து பயப்பட ஒண்ணுமே இல்ல. 1984ல வந்த ஃபேமிலி கோர்ட் சட்டத்துல நாலாவது பிரிவு இருக்கு, அதுல தெளிவா எழுதியிருக்கு: ஒரு ஃபேமிலி கோர்ட்டுல ஒண்ணுக்கு மேல ஜட்ஜ் இருந்தா ஒவ்வொருத்தருக்கும் அந்த கோர்ட்டோட எல்லா அதிகாரமும் உண்டு. டிவோர்ஸ் குடுக்கறதுலயோ மெயின்டனன்ஸ் (ஜீவனாம்சம்) போடறதுலயோ குழந்தையை யாருகிட்ட விடறதுங்கறதுலயோ பிரின்சிபல் ஜட்ஜுக்கும் மூணாவது அடிஷனலுக்கும் ஒரு இம்மி வித்தியாசம் கிடையாது.

பிரின்சிபல் ஜட்ஜுக்கு எக்ஸ்ட்ராவா இருக்கறது நிர்வாக வேலை. அதே நாலாவது பிரிவுலதான் வருது, வர்ற கேஸை எல்லாம் எந்தெந்த ஜட்ஜுக்கு எப்படி பிரிச்சு குடுக்கறதுங்கற ஏற்பாட்டை பிரின்சிபல் ஜட்ஜ் அப்பப்ப செய்யலாம்னு. அவரு லீவுல இருந்தா அடிஷனல் பிரின்சிபல் ஜட்ஜ் அதை பாத்துக்கலாம். எப்படி பிரிக்கணும்னு சட்டம் ஒரு ஃபார்முலா குடுக்கலை. நம்பர் வரிசைப்படி ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிக்கலாம், வழக்கு வகையைப் பாத்து பிரிக்கலாம், ஒரு கோர்ட் ஹால்ல கேஸ் கட்டு தேங்கிப்போச்சுன்னா அங்கேருந்து நூறு இருநூறு கட்டை தூக்கி இன்னொரு ஹாலுக்கு மாத்தலாம், புது கோர்ட் ஒண்ணு திறந்தா எல்லா ஹால்லேருந்தும் கொஞ்சம் கொஞ்சம் அள்ளி அங்க அனுப்பலாம். இது எல்லாமே உங்க பேரையோ உங்க வீட்டுக்காரர் பேரையோ பாத்து நடக்கறது இல்ல.

நடைமுறையில என்ன ஆகும்னா, உங்க வக்கீல் பெட்டிஷனை ஃபைல் பண்ணுவாரு, அதுக்கு மொதல்ல எஸ்.ஆர். நம்பர்னு ஒரு தற்காலிக நம்பர் விழும், செக்ஷன்ல பேப்பரைப் புரட்டிப் பாப்பாங்க, கல்யாண பத்திரிகை இல்ல, அட்ரஸ் ப்ரூஃப் இல்ல, ஃபோட்டோல ரெண்டு பேரு முகமும் தெரியலைன்னு ரிட்டர்ன் போடுவாங்க, அதை சரி பண்ணி திரும்ப குடுத்தா அப்பறம்தான் நம்பர் ஆகும். சென்னையில அது ஓ.பி., அதாவது ஒரிஜினல் பெட்டிஷன் நம்பர். அந்த நம்பரோடதான் எந்த ஹால்ங்கறதும் தெரியும். கூடவே பதினாறு எழுத்துல ஒரு சி.என்.ஆர். நம்பர் வரும், அதை இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா எந்த கோர்ட், அடுத்த வாய்தா எப்ப, போன வாய்தாவுல என்ன ஆச்சுங்கறது வரைக்கும் வீட்டுல உக்காந்தே பாக்கலாம். உங்க கேஸ் ஒரு ஹால்லேருந்து இன்னொரு ஹாலுக்கு மாறியிருந்தா அந்த ஹிஸ்டரியும் அதுலயே தெரியும். அந்த சித்தப்பா பையன் மேல அவ்ளோ சந்தேகம் இருந்தா அம்மாவுக்கு அந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணி குடுத்துடுங்க, தெனமும் பாத்துக்கட்டும்.

கேள்வி: ஃபேமிலி கோர்ட்னாலே லேடி ஜட்ஜ்தான் போடுவாங்களாமே, சட்டத்துலயே அப்படித்தான் இருக்காமே? அப்பறம் ஆம்பளைங்களுக்கு எப்படி மேடம் நியாயம் கிடைக்கும்? எனக்கு ஜென்ட்ஸ் ஜட்ஜ் வேணும்னு கேட்டு மனு போட முடியுமா?
– சேலம் வாசகர்

பதில்: தம்பி, இதே கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டு "எனக்கு லேடி ஜட்ஜ்தான் வேணும்"னு இந்த வாரம் எழுதினவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான், முடியாது.

சட்டத்துல இருக்கறது என்னன்னா, ஃபேமிலி கோர்ட்டுக்கு ஜட்ஜ் நியமிக்கும்போது பெண்களுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு. அது நியமனத்துக்கு சொன்னது. இந்த கேஸுக்கு இவங்க, அந்த கேஸுக்கு அவங்கன்னு பிரிக்கறதுக்கு சொன்னது இல்ல. முன்னுரிமைதான், கட்டாயம் இல்ல, ஃபேமிலி கோர்ட்டுல ஆம்பளை ஜட்ஜுங்க நெறைய பேரு உக்காந்திருக்காங்க. நீங்க அனேகமா மகளிர் கோர்ட்டையும் இதையும் போட்டு குழப்பிக்கறீங்கன்னு நினைக்கறேன், அது பெண்களுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கற கிரிமினல் கோர்ட், இது வேற அது வேற.

நியமனம் எப்படின்னும் சொல்லிடறேன். சட்டப்படி மாநில அரசு ஹைகோர்ட் சம்மதத்தோட நியமிக்கணும். குறைஞ்சது ஏழு வருஷம் ஜட்ஜாவோ, இல்ல ஹைகோர்ட் வக்கீலாவோ அனுபவம் இருக்கணும், 62 வயசு தாண்டினவங்க அந்த சீட்டுல உக்கார முடியாது. தமிழ்நாட்டுல ஃபேமிலி கோர்ட்டுக்கு வர்றவங்க டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் கேடர்ல இருக்கறவங்க. அவங்களை எந்த ஊருக்கு போஸ்டிங் போடறது, எப்ப மாத்தறதுங்கறதெல்லாம் ஹைகோர்ட் கையில, அரசியல் சாசனம் 235வது பிரிவுலயே கீழ் கோர்ட்டுங்க மேல உள்ள கண்ட்ரோலை ஹைகோர்ட்டுக்கு குடுத்துட்டாங்க. எம்.எல்.ஏ. சொல்லி ஜட்ஜை மாத்திடலாம்னு டீக்கடையில யாராவது சொன்னா டீயை குடிச்சுட்டு கெளம்பிடுங்க.

ஆனா ஃபேமிலி கோர்ட் சட்டத்தோட அதே நாலாவது பிரிவுல இருக்கற இன்னொரு வரிதான் எனக்கு உறுத்தும். கல்யாணம்ங்கற அமைப்பை பாதுகாக்கணும்ங்கற அக்கறை இருக்கறவங்களா பாத்து ஜட்ஜா போடணும், சமாதானம் பண்ணி வெக்கற அனுபவம் இருக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க. ஒன்பதாவது பிரிவும் மொதல்ல சேத்து வெக்க முயற்சி பண்ணுன்னுதான் சொல்லுது. நல்ல எண்ணம்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அடி வாங்கிட்டு வந்து நிக்கற பொண்ணுகிட்ட "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னு பெஞ்சுலேருந்து வர்ற வார்த்தை இந்த வரியிலேருந்துதான் வருதுன்னு நான் நினைக்கறேன். அப்படி சொன்னவங்கள்ல லேடி ஜட்ஜும் உண்டு, ஜென்ட்ஸ் ஜட்ஜும் உண்டு. எதிர்ல பொண்ணு கண்ணு கலங்கி நிக்கறதை பாத்தும் என் கட்சிக்காரரான ஆம்பளையைப் பேச விட்டு பொறுமையா கேட்ட லேடி ஜட்ஜையும் பாத்திருக்கேன். அதனால சேலத்து தம்பி, உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் சம்பள சர்டிஃபிகேட்டையும் ஒழுங்கா எடுத்து வையுங்க, அதுதான் பேசும். 2020ல சுப்ரீம் கோர்ட் ரஜ்னேஷ் – நேஹா கேஸ்ல சொன்னதுலேருந்து ரெண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா போடணும், யாரு ஜட்ஜா இருந்தாலும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.

கேள்வி: எங்க ஊருல ஃபேமிலி கோர்ட்டே இல்ல, சப் கோர்ட்டுலதான் கேஸ் நடக்குது. சப் ஜட்ஜ் குடுக்கற டிவோர்ஸ் செல்லுமா? நிலத்தகராறு கேஸ் கேக்கறவரே இதையும் கேக்குறாரு.
– ஒரு தாலுகா ஊர் வாசகி

பதில்: தாராளமா செல்லும். பத்து லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கற நகரத்துல ஃபேமிலி கோர்ட் கட்டாயம் வெக்கணும், மத்த இடத்துல அரசு தேவைன்னு நினைச்சா வெக்கலாம்னுதான் சட்டம். ஃபேமிலி கோர்ட் வராத இடத்துல இந்து திருமண சட்டத்துல போடற கேஸை சப் கோர்ட்டுல எச்.எம்.ஓ.பி.னு (இந்து திருமண ஒரிஜினல் பெட்டிஷன்) நம்பர் போட்டு விசாரிப்பாங்க. அங்க ஒரே ஒரு சப் ஜட்ஜ்தான்னா கேஸ் யாருக்கு போகும்ங்கற கேள்வியே வராது.

நிலத்தகராறு கேக்கறவர்னு சலிச்சுக்காதீங்க. காலையில பத்தரைக்கு மோட்டார் ஆக்சிடென்ட் க்ளைம், பதினொண்ணுக்கு பாகப்பிரிவினை, பன்னண்டுக்கு உங்க கேஸ்னு ஒரு மனுஷன் மூளையை மாத்தி மாத்தி போட்டு வேலை பாக்குறாரு, பாவம். ஆனா உண்மையான வித்தியாசம் அப்பீல்ல இருக்கு, அதை தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஃபேமிலி கோர்ட் தீர்ப்புன்னா அப்பீல் நேரா ஹைகோர்ட்டுக்கு போகும், அங்க ரெண்டு ஜட்ஜ் சேந்து உக்காந்துதான் கேக்கணும். சப் கோர்ட் தீர்ப்புன்னா மொதல்ல டிஸ்ட்ரிக்ட் கோர்ட், அப்பறம்தான் ஹைகோர்ட். அதாவது உங்களுக்கு ஒரு படி கூட. செலவு கம்மி, சென்னைக்கோ மதுரைக்கோ அலைய வேண்டாம், ஆனா எதிர் பார்ட்டி இழுத்தடிக்கணும்னு நினைச்சா அவருக்கும் ஒரு படி கூட கிடைக்குது.

கேள்வி: என் கேஸ்ல என்னை க்ராஸ் (குறுக்கு விசாரணை) பண்ணி முடிச்சுட்டாங்க, நாலு வாய்தா நின்னு அழுதுட்டே பதில் சொன்னேன். அதை எல்லாம் பாத்த ஜட்ஜம்மா ட்ரான்ஸ்ஃபர் ஆகி போயிட்டாங்க. புதுசா வந்தவரு என்னை பாத்ததே இல்ல. இப்ப மறுபடி மொதல்லேருந்தா? அவருக்கு எப்படி தெரியும் நான் பட்டது?
– திருச்சி வாசகி

பதில்: வந்ததுலயே எனக்கு மனசு கனத்தது உங்க லெட்டருக்குத்தான்.

சட்டப்படி மொதல்லேருந்து இல்ல. சிவில் நடைமுறை சட்டத்துல 18வது ஆர்டர், 15வது ரூல்னு ஒண்ணு இருக்கு: ஜட்ஜ் செத்துப் போனாலோ ட்ரான்ஸ்ஃபர் ஆனாலோ வேற காரணத்தால முடிக்க முடியலைன்னாலோ அடுத்து வர்றவரு, முன்னாடி இருந்தவரு பதிவு பண்ணின சாட்சியத்தை தானே பதிவு பண்ணின மாதிரி எடுத்துக்கிட்டு விட்ட இடத்துலேருந்து தொடரலாம். அதனால நீங்க மறுபடி கூண்டுல ஏற வேண்டியது இல்ல. ஆர்க்யுமென்ட்ஸ் முடிஞ்சு தீர்ப்புக்கு வெச்சிருந்த நெலமையில ஜட்ஜ் மாறிட்டா மட்டும் வக்கீல் மறுபடி வாதாடணும். தீர்ப்பை எழுதியே வெச்சுட்டு வாசிக்காம போயிருந்தா புதுசா வந்தவரு அதை எடுத்து வாசிச்சுடணும், அதுக்கும் 20வது ஆர்டர்ல ரூல் இருக்கு.

இது சட்டம். ஆனா நீங்க கேட்டது அது இல்லைன்னு எனக்கு தெரியும். நீங்க அழுதது பேப்பர்ல இல்ல. ஃபேமிலி கோர்ட் சட்டம் 15வது பிரிவுல சாட்சி சொன்னதை வரிக்கு வரி எழுத வேண்டாம், சாராம்சத்தை குறிச்சா போதும்னு வேற இருக்கு, வேகமா முடியணும்ங்கறதுக்காக வெச்சது. அதனால ஒரு கேள்விக்கு நீங்க அஞ்சு நிமிஷம் தொண்டை அடைச்சு நின்னுட்டு "ஆமா"ன்னு சொன்னது கட்டுல "ஆமாம் என்றால் சரிதான்"னு ஒரே வரியா கிடக்கும். ஒரு வழக்கு நாலஞ்சு வருஷம் ஓடினா ரெண்டு மூணு ஜட்ஜ் மாறிடறாங்க, நடுவுல போஸ்ட் காலியா இருந்தா பக்கத்து ஹால் ஜட்ஜ் இன்சார்ஜ்ல பாப்பாரு, இன்சார்ஜ்ல இருக்கறவரு பெரும்பாலும் அவசரமான இடைக்கால மனுவை (ஐ.ஏ.) மட்டும் தொட்டுட்டு மத்ததுக்கு வாய்தா போட்டுடுவாரு. எந்த ஜட்ஜுக்கு கேஸ் போகும்னு ஆளாளுக்கு கவலைப்படறாங்க, ஆரம்பிச்ச ஜட்ஜே முடிச்சு வெப்பாங்களாங்கற கவலையை யாரும் படறது இல்ல, எனக்கு கேட்டா அதுதான் பெரிய கவலை.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, உங்க வக்கீல்கிட்ட சொல்லி டெபாசிஷன், அதாவது நீங்க சொன்ன சாட்சியத்தோட காப்பிக்கு அப்ளிகேஷன் போட்டு வாங்குங்க. உக்காந்து படிங்க. நீங்க சொன்னது விட்டுப்போயிருக்கா, மாறியிருக்கான்னு பாருங்க. முக்கியமான எடம் ஏதாவது தெளிவா இல்லைன்னா உங்களை திரும்ப கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேக்க ரீகால் பெட்டிஷன் போடலாம், ஆனா அதை அளவோட பண்ணுங்க, சும்மா போட்டா டிஸ்மிஸ் ஆகிடும். கடைசியில எழுத்துமூலமா ஆர்க்யுமென்ட்ஸ் குடுக்க சொல்லுங்க. உங்களை பாக்காத ஜட்ஜுக்கு அதுதான் உங்க முகம்.

கேள்வி: ஜட்ஜ் என்னை எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க, "படிச்சவங்கதானே, ஈகோவை விட வேண்டியதுதானே"ன்னு. எனக்கு இந்த ஜட்ஜ்கிட்ட நம்பிக்கை போயிடுச்சு, வேற ஜட்ஜுக்கு மாத்தணும்.
– கோவை வாசகர்

பதில்: மாத்த வழி இருக்கு. சிவில் நடைமுறை சட்டம் 24வது பிரிவுல ஹைகோர்ட்டுல ட்ரான்ஸ்ஃபர் பெட்டிஷன், டிஆர்.சி.எம்.பி.ன்னு சொல்லுவோம். ஆனா திட்டினாங்கங்கறது மட்டும் காரணம்னா அதை தூக்கிட்டு போகாதீங்கண்ணே. ஜட்ஜ் ஒரு பக்கம் சாய்ஞ்சுட்டாங்கன்னு நியாயமான மனுஷன் யாருக்கும் தோணற அளவுக்கு கையில ஏதாவது இருக்கணும்: எதிர் பார்ட்டி ஜட்ஜுக்கு சொந்தம், இல்ல அந்த ஜட்ஜ் முன்னாடி வக்கீலா இருந்தப்ப இதே குடும்பத்துக்கு ஆஜர் ஆனவரு, இப்படி. சொந்தம்னா நெறைய ஜட்ஜுங்க அவங்களே "நான் இதை கேக்க மாட்டேன்"னு சொல்லி விலகிடுவாங்க, வேற ஹாலுக்கு அனுப்பிடுவாங்க. இடைக்கால ஆர்டர் உங்களுக்கு எதிரா வந்துச்சுங்கறது காரணம் ஆகாது, அதுக்கு மேல் கோர்ட்டுக்கு போகணுமே தவிர ஜட்ஜை மாத்த சொல்லக் கூடாது.

திட்டறது கஷ்டமா இருந்தா இன்னொண்ணு செய்யலாம். ஃபேமிலி கோர்ட் சட்டம் 11வது பிரிவுல ரெண்டு பார்ட்டியில ஒருத்தர் விரும்பினாலே மூடின அறையில விசாரணை நடத்தணும்னு இருக்கு. ஒரு மெமோ போடுங்க. அப்பறம் திட்டு வாங்கினாலும் நாலு சுவத்துக்குள்ள வாங்கலாம்.

ட்ரான்ஸ்ஃபர் பெட்டிஷன் அதிகமா வர்றது வேற காரணத்துக்கு. புருஷன் சென்னையில கேஸ் போட்டிருப்பாரு, பொண்ணு கைக்குழந்தையோட திருநெல்வேலியில அம்மா வீட்டுல இருக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி பஸ் ஏறி வர முடியுமா? அப்ப பொண்ணு இருக்கற ஊருக்கே கேஸை மாத்த சொல்லி கேக்கலாம், பெரும்பாலும் பொண்ணோட சவுகரியத்துக்கு கோர்ட் முக்கியத்துவம் குடுக்கும். வேற மாநிலம்னா சுப்ரீம் கோர்ட்டுக்கு போகணும், சிவில் நடைமுறை சட்டம் 25வது பிரிவு. இன்னொரு ரூட்டும் இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது: புருஷன் ஒரு ஊருல டிவோர்ஸ் போட்டு, அதுக்கப்பறம் பொண்டாட்டி இன்னொரு ஊருல டிவோர்ஸோ ஜுடிஷியல் செபரேஷனோ (கல்யாணம் முறியாம கோர்ட் மூலமா பிரிஞ்சு வாழறது) போட்டா, இந்து திருமண சட்டம் 21ஏ பிரிவுப்படி ரெண்டாவதா போட்டது மொதல்ல போட்ட கோர்ட்டுக்கு போயிடும். அதனாலதான் சில ஆளுங்க சண்டை ஆரம்பிச்ச வாரமே ஓடிப்போய் ஃபைல் பண்றது. அந்த அவசரத்துக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிஷன்தான் மருந்து.

கேள்வி: ஒருத்தர் ஐம்பதாயிரம் குடுத்தா நமக்கு சாதகமான ஜட்ஜ்கிட்ட ஃபைலை போக வெக்கறேன்னு சொல்றாரு. குடுக்கலாமா?
– ஊர் பேரும் வேண்டாம்னு எழுதினவர்

பதில்: குடுக்காதீங்க. நாலு ஹால் இருக்கற எடத்துல உங்க கேஸ் அந்த ஹாலுக்கு தானாவே போக நாலுல ஒரு சான்ஸ் இருக்கு. அந்த ஆளு நாலு பேருகிட்ட காசு வாங்கினா ஒருத்தருக்கு பலிச்சிடும், மத்த மூணு பேருக்கு "கடைசி நேரத்துல மாத்திட்டாங்க சார்"னு ஒரு கதை. கிளி ஜோசியம் மாதிரிதான், கிளிக்கு நெல்லு, இவருக்கு ஐம்பதாயிரம். அப்படியே ஒரு வேளை நெசமாவே ஃபைலை நகத்த முடிஞ்சுதுன்னா அது லஞ்சம், நீங்களும் உள்ள மாட்டுவீங்க. ஹைகோர்ட்டுல விஜிலன்ஸ் ரெஜிஸ்ட்ரார்னு ஒரு அதிகாரியே இருக்காரு, கீழ் கோர்ட்டுல நடக்கற தப்புக்கு அங்க எழுதலாம்.

இன்னும் சில கெட்டிக்காரங்க ஒரு கேஸை போட்டு, பிடிக்காத ஹால் விழுந்தா வாபஸ் வாங்கிட்டு மறுபடி புதுசா போடறாங்க. முன்னாடி ஏதாவது கேஸ் போட்டிருக்கீங்களான்னு பெட்டிஷன்லயே எழுதணும். மறைச்சா பின்னாடி க்ராஸ்ல கிழிஞ்சுடும், எழுதினா ஏன் வாபஸ் வாங்கினீங்கன்னு ஜட்ஜே கேப்பாங்க.

கேள்வி: டிவோர்ஸ் ஒரு ஹால்லயும் மெயின்டனன்ஸ் இன்னொரு ஹால்லயும் நடக்குது, டி.வி. (குடும்ப வன்முறை) கேஸ் மாஜிஸ்ட்ரேட்கிட்ட. மூணு எடத்துக்கும் அலைஞ்சு வேலையே போயிடும் போல. ஒரே ஜட்ஜ் கேக்க முடியாதா?
– தாம்பரம் வாசகி

பதில்: முடியும், கேட்டாத்தான் நடக்கும். ஒரே ஃபேமிலி கோர்ட்டுக்குள்ள ரெண்டு ஹால்னா பிரின்சிபல் ஜட்ஜ்கிட்ட மனு போட்டு ஒரே ஹாலுக்கு கொண்டு வரலாம், சேத்து விசாரிக்கவும் கேக்கலாம். புதுசா ஃபைல் பண்றவங்க ஏற்கனவே ஓடற கேஸ் நம்பரை பெட்டிஷன்ல தெளிவா குறிச்சுடுங்க. டி.வி. கேஸ்ல மாஜிஸ்ட்ரேட்கிட்ட கேக்கற பாதுகாப்பு, வீடு, பணம், குழந்தை இந்த மாதிரி நிவாரணங்களை ஃபேமிலி கோர்ட்டுலயும் கேக்கலாம்னு குடும்ப வன்முறை சட்டத்தோட 26வது பிரிவே சொல்லுது, தனியா மாஜிஸ்ட்ரேட் கோர்ட் போய்த்தான் ஆகணும்னு இல்ல.

குழந்தை கஸ்டடி பத்தி சென்னைக்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு ஒரிஜினல் சைடுன்னு, கீழ் கோர்ட்டுக்கு போகாமலே நேரடியா கேஸ் கேக்கற பழைய காலத்து அதிகாரம் ஒண்ணு உண்டு, ஃபேமிலி கோர்ட் வந்தப்பறம் அது போயிடுச்சா இல்லையான்னு பல வருஷமா சண்டை. 2022ல ஐந்து ஜட்ஜ் உக்காந்த பெஞ்ச் மெஜாரிட்டியா, போகலை, கஸ்டடியும் கார்டியன்ஷிப்பும் ஹைகோர்ட்டுலயும் கேக்கலாம்னு சொல்லிடுச்சு. அதுக்காக எல்லாரும் அங்க ஓடாதீங்க, மூணு கேஸை ஒரே எடத்துல வெக்கணும்னு கேட்டுட்டு நாலாவது எடத்துக்கு போன கதையா ஆகிடும்.

கேள்வி: அப்பீல் போனா ஹைகோர்ட்டுல எந்த ரெண்டு ஜட்ஜ்னு யாரு சொல்றது?
– மதுரை வாசகர்

பதில்: சீஃப் ஜஸ்டிஸ். ரோஸ்டர்னு ஒரு லிஸ்ட் போடுவாங்க, இந்த வகை அப்பீல் இந்த பெஞ்சுக்குன்னு, அது அப்பப்ப மாறும். உங்க மதுரை பெஞ்சுக்கு தனி ரோஸ்டர். 2018 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டோட நாலு சீனியர் ஜட்ஜுங்க புல்தரையில உக்காந்து பிரஸ் மீட் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா, அதுவே எந்த கேஸை யாருக்கு ஒதுக்கறதுங்கற சண்டைதான். அந்த வருஷம் ஜூலையில சுப்ரீம் கோர்ட் ரோஸ்டர் போடற அதிகாரம் சீஃப் ஜஸ்டிஸுக்குத்தான்னு மறுபடி சொல்லிடுச்சு. ஜட்ஜுங்களுக்கே அந்த மனக்குறை இருந்திருக்கு, நமக்கு இருந்தா தப்பு இல்ல.

நீங்க கவனிக்க வேண்டியது தேதி. ஃபேமிலி கோர்ட் சட்டத்துல அப்பீலுக்கு 30 நாள்தான். இந்து திருமண சட்டத்துல 90 நாள்னு இருக்கே, அதை வெச்சுக்கலாமான்னு வாதம் பண்ணலாம், ஆனா அந்த ரிஸ்க் உங்களுக்கு எதுக்கு? தீர்ப்பு வந்த அன்னைக்கே காப்பி அப்ளிகேஷன் போட்டுடுங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்கின டிவோர்ஸுக்கு அப்பீல் கிடையாது, கிரிமினல் நடைமுறை சட்டத்துல மெயின்டனன்ஸ் மட்டும் தனியா போட்ட கேஸ்னா அதுக்கு அப்பீலுக்கு பதிலா ரிவிஷன் (சீராய்வு) மனு.

கேள்வி: என் கேஸ் எப்பவும் செவ்வாய்க்கிழமையே வருது, அதுவும் ராகு காலத்துல கூப்பிடறாங்க. வேற கிழமை கேக்கற ஜட்ஜுக்கு மாத்திக்கலாமா?
– மாம்பலம் மாமி

பதில்: மாமி, செவ்வாய்க்கிழமை ராகு காலம் சாயங்காலம் மூணுலேருந்து நாலரை. காலையில கேஸை வரிசையா கூப்பிடற கால் வொர்க்லயே ஆஜர் ஆகி, உங்க வக்கீலை விட்டு கையைத் தூக்கச் சொல்லி மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்துக்க கேளுங்க, சீனியர் சிட்டிசன்னா பெரும்பாலும் எடுத்துடுவாங்க. அதுக்கு ஜட்ஜை மாத்த வேண்டாம், பெஞ்ச் கிளார்க்கை பாத்து ஒரு வணக்கம் வெச்சா போதும்.